தொடையெலும்பு முறிந்த தெருநாய்: அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா? (காவேரிப்பட்டணம்)

மாந்தோப்புவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பெண் நாயை லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஒரு வயதுக்குள்தான் இருக்கும், செவலை நிறம். கிருஷ்ணகிரியில் தெருநாய்களுக்கு உதவும் தம்பிகள் சிலர் தூக்கிச் சென்று முதலுதவி கொடுத்து எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். பின்னங்காலில் தொடையெலும்பு நடுவில் முறிந்திருக்கிறது. அறுவைக்கான பணத்தை அவர்கள் திரட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் இடம் இல்லை. எல்லோரும் வாடகை அறைகளில் இருப்பவர்கள். இரண்டு மாதமாவது ஒரு வீடு கிடைத்தால்தான் அறுவைக்கே தேதி வாங்குவோம் என்கிறார்கள். என்னைக் கேட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீடு தோப்பை ஒட்டியது. கணவர் ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறார், வாரக் கடைசியில்தான் வருவார். வீட்டில் மாமியார், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன், வயதான ஆண் நாய் ஒன்று, இரண்டு வெள்ளாடுகள். மாமியாரிடம் சொன்னேன். "வாயில்லா ஜீவன், முடியாது என்று சொல்லிவிடாதே. ஆனால் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது" என்றார். அது எனக்குச் சம்மதம் கிடைத்த மாதிரிதான்.

நாய் வளர்த்த பழக்கம் உண்டு. அறுவை முடிந்த நாயைப் பார்த்துக்கொண்ட பழக்கம் இல்லை. கடிக்குமா? இரவெல்லாம் கத்துமா? குணமான பிறகு யாரும் தத்தெடுக்காவிட்டால் என்ன ஆகும்? செய்தவர்கள் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மத்திகிரி எழுதியது:

வாழ்த்துகள் அம்மா. கேட்கத் தோன்றியதே பெரிது.

ஓசூரில் இப்படிப் பல நாய்களை வீட்டில் வைத்து அனுப்பியிருக்கிறேன். நாயைக் கையில் வாங்குவதற்கு முன்பு அந்தத் தம்பிகளிடம் சிலவற்றைப் பேசி முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ முடிவு எடுப்பவர் யார்? நடு இரவில் ஏதாவது ஆனால் யாரை அழைப்பது, வண்டி யாருடையது? மருந்துச் செலவு யார் கணக்கில்? எலும்பில் வைக்கும் கம்பி நழுவி மறுபடியும் அறுவை என்றால் பணம் யார் தருவார்கள்? எல்லாவற்றையும் விட முக்கியமானது, தத்து போகும்வரை நாயின் பொறுப்பு யாருடையது? "முதலில் கொண்டுபோங்கள் அக்கா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் குழுவிடம் நான் நாய் வாங்குவதில்லை. நல்ல மனம் உள்ள பிள்ளைகள்தான், ஆனால் அடுத்த வாரம் இன்னொரு நாய் அடிபட்டுக் கிடக்கும், அவர்கள் கவனம் அங்கே போய்விடும். நீங்கள் தனியாக நிற்பீர்கள்.

அறுவை ஒரு பகலில் முடிந்துவிடும். எலும்பு கூடுவது உங்கள் வீட்டில்தான். அதற்கு நாய் ஓடாமல், தாவாமல், படி ஏறாமல் வாரக்கணக்கில் இருக்க வேண்டும். நீங்கள் செய்யப்போகும் வைத்தியம் அதுதான். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

ஊத்தங்கரை_விவசாயி எழுதியது:

அம்மா, நான் மாற்றுக்கருத்து சொல்வதாக நினைக்க வேண்டாம். போன வருடம் எங்கள் வெள்ளாட்டுக்கு முன்னங்கால் முறிந்தது. மூங்கில் சிம்பு வைத்துத் துணி சுற்றிக் கட்டினோம், நன்றாகக் கூடிவிட்டது. இப்போது மேய்கிறது. மனிதர்களே புத்தூர் கட்டுக்குப் போய்க் குணமாகி வருகிறார்கள். நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து அறுத்துக் கம்பி வைக்கத்தான் வேண்டுமா? கட்டுப் போடுகிறவர் எங்கள் பக்கத்தில் இருக்கிறார். கேட்டுச் சொல்லட்டுமா?

கால்நடைப்பணி எழுதியது:

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர் நான். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் பணியாற்றியவன்.

ஊத்தங்கரை அண்ணா சொன்ன ஆடு குணமானது உண்மைதான். முழங்காலுக்குக் கீழே முறிந்த எலும்பைச் சிம்பு வைத்துக் கட்டினால் கூடும், ஏனென்றால் முறிவுக்கு மேலே உள்ள மூட்டையும் கீழே உள்ள மூட்டையும் சேர்த்து அசையாமல் நிறுத்த முடிகிறது. தொடையெலும்பில் அது முடியாது. மேல் மூட்டு என்பது இடுப்பு. இடுப்பைச் சுற்றிக் கட்டி நிறுத்த வழியில்லை. கட்டு மெல்லக் கீழே நழுவி, முறிந்த இடத்திலேயே பாரமாகத் தொங்கும், முறிவு இன்னும் விலகும். இறுக்கிக் கட்டினாலோ பாதம் வீங்கிச் சில்லிட்டுப்போகும். அப்படி விரல்கள் அழுகி வந்த நாய்களுக்குக் காலையே எடுக்க வேண்டியிருந்தது. ஆகவே தொடைக்கும் முன்னங்காலின் மேலெலும்புக்கும் கட்டு வேண்டாம். அறுவை வரைக்கும் கட்டில்லாமல் ஒரு சின்ன இடத்தில் படுக்க வைத்திருப்பதே மேல்.

அம்மா, எலும்பு அவசரம் அல்ல. லாரி அடித்த நாய்க்கு முதல் ஓரிரு நாட்களில் பார்க்க வேண்டியவை வேறு. மூச்சு சீராக இருக்கிறதா, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா வெளுத்திருக்கிறதா, சிறுநீர் போகிறதா. நுரையீரலில் அடி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையில் கிழிசல், மூத்திரப்பை உடைதல் இவையெல்லாம் வெளியில் தெரியாமல் உயிரை வாங்கும். நெஞ்சுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்களா என்று தம்பிகளைக் கேளுங்கள்.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. நம் ஊர்த் தெருநாய்களில் உண்ணிக் காய்ச்சல் அதிகம். வெளியே சுறுசுறுப்பாகத் தெரியும் நாய்க்கும் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். அந்த நிலையில் கத்தி வைத்தால் இரத்தம் உறையாது. ஆரோக்கியமான நாய்க்கு ஒரு மைக்ரோலிட்டரில் ஏறத்தாழ 2 முதல் 5 லட்சம் தட்டணுக்கள் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மருந்து கொடுத்து ஏற்றிவிட்டுத்தான் அறுவை.

இன்னொன்று. வலிக்கு மனிதர் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலும் உங்கள் கையால் வேண்டாம். பார்க்கும் மருத்துவர் எழுதித் தந்ததை, எழுதித் தந்த அளவில் மட்டும்.

ஊத்தங்கரை_விவசாயி எழுதியது:

டாக்டர் ஐயா சொன்ன காரணம் புரிகிறது. கட்டு வேண்டாம். ஆட்டுக்கால் முறிவையும் தொடை முறிவையும் ஒன்றாக வைத்துப் பேசக்கூடாது என்று இப்போதுதான் தெரிகிறது.

பாலக்கோடு_ஆசிரியை எழுதியது:

வீட்டில் பள்ளிப் பையன் இருக்கிறான் என்பதால் இதைச் சொல்கிறேன். வலியில் இருக்கும் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கடிக்கும். அதன் குணத்தைக் குறை சொல்ல முடியாது, அதற்கு வேறு மொழி இல்லை. நாய் வருவதற்கு முன்பே நீங்கள், மாமியார், மகன் மூவரும் வெறிநோய்க்கான முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள முடியுமா என்று அரசு மருத்துவமனையில் கேளுங்கள். முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று ஊசி. முன்தடுப்பு போட்டிருந்தாலும், கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல் லேசாகத்தான் பட்டது, நகக்கீறல்தான் என்று விட்டுவிடக்கூடாது.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தருவது: சாப்பிடும் நாய், தூங்கும் நாய், அடிபட்ட நாய், குட்டி போட்ட நாய், இந்த நான்கின் அருகே பெரியவர் இல்லாமல் போகக்கூடாது. மகனிடம் சொல்லி வையுங்கள்.

பர்கூர்ச்சாலை எழுதியது:

இந்தப் பணத்தில் எத்தனை நாய்களுக்குக் கருத்தடை செய்யலாம் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஒரு நாயின் காலுக்காக இவ்வளவு செலவு. இதற்கிடையில் எங்கள் தெருவில் வருடத்துக்கு இரண்டு ஈற்றுக் குட்டிகள். பாதி சாலையில் நசுங்குகின்றன. நாய் மேல் எனக்கு வெறுப்பில்லை. நசுங்குவதைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் கேட்கிறேன்.

மத்திகிரி எழுதியது:

// ஒரு நாயின் காலுக்காக இவ்வளவு செலவு //

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதை 2023ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாக வைத்திருக்கின்றன. அது நடந்தால்தான் உங்கள் தெருவில் குட்டிகள் நசுங்குவது நிற்கும். அதற்கு ஊராட்சியில் மனு கொடுக்க வேண்டும் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இந்த நாய் இப்போது கண்ணெதிரே கிடக்கிறது. அறுவை இல்லையென்றால் கால் கோணலாகக் கூடும், இல்லை கூடாமலே போகும். நெடுஞ்சாலையோரம் அந்தக் காலோடு அது எத்தனை நாள் பிழைக்கும்? பணம் தருகிறவர்களும் இந்த நாயின் படத்தைப் பார்த்துத்தான் தந்தார்கள். இதை நிறுத்தினால் அந்தப் பணம் கருத்தடைக்குப் போய்விடாது, தந்தவர்களின் பையிலேயே இருக்கும். இது குணமாகும்போது இதற்கும் கருத்தடை நடக்கும். ஒரு ஈற்று குறையும்.

தொப்பூர்க்கணவாய் எழுதியது:

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். காலை எடுத்துவிடுவதும் ஒரு வழி. நாய் தன் எடையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. பின்னங்கால் ஒன்று போனால் நன்றாகவே சமாளிக்கும். எங்கள் வீட்டுக் காவல் நாய்க்கு மூன்று கால்தான். தொப்பூர் மலைப்பாதையில் அடிபட்டது. இன்றும் வேலி தாண்டுகிறது. பணம் குறைவு, பராமரிக்கும் காலமும் குறைவு.

கால்நடைப்பணி எழுதியது:

தொப்பூர்த் தம்பி சொன்னது சரி. நரம்பு அறுந்திருந்தாலோ எலும்பு தூளாகியிருந்தாலோ நானே அதைத்தான் சொல்வேன். ஆனால் நடுத்தண்டில் ஒரே முறிவு, வயதும் ஒன்றுக்குள் என்றால் காலைக் காப்பாற்றவே முயல வேண்டும். இளம் எலும்பு வேகமாகக் கூடும்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் எலும்பு அறுவை செய்வார்கள். பெங்களூரு ஹெப்பாளில் உள்ள கால்நடைக் கல்லூரியும் உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர், நாமக்கல்லுக்குச் சேலம் தாண்டிப் போக வேண்டும். அறுவை முடிந்து தையல் பிரிக்க, எக்ஸ்ரே பார்க்க என்று மறுபடியும் போக வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எலும்புக் குழிக்குள் செலுத்தும் கம்பி மலிவு. வளைவதைத் தாங்கும், ஆனால் எலும்பு சுழல்வதைத் தனியாகத் தடுக்காது. உலோகப் பிளேட் வைத்துத் திருகினால் உறுதி அதிகம், செலவும் அதிகம். முறிவின் வடிவத்தைப் பார்த்து அறுவை மருத்துவர் முடிவு செய்வார். கம்பி மட்டும் வைத்த நாய்க்கு ஓய்வு இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மாந்தோப்புவீடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சரி என்று சொல்லிவிட்டேன். மத்திகிரி அக்கா சொன்ன கேள்விகள் எல்லாவற்றையும் தம்பிகளிடம் கேட்டேன், எழுத்தாகவே பதில் தந்தார்கள். நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்திருக்கிறார்கள், பயமில்லையாம்.

ஆனால் அறுவை தள்ளிப்போய்விட்டது. டாக்டர் ஐயா எழுதியபடியே தட்டணுக்கள் குறைவு, உண்ணிக் காய்ச்சல். அதற்கு டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து தொடங்கியிருக்கிறார்கள். அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்று நேற்று கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். ஆட்டுக் கொட்டகையை ஒட்டி உரம் வைக்கும் சின்ன அறை காலியாக இருந்தது. கிருஷ்ணகிரியில் வெல்ட் மெஷ் கம்பி வலை வாங்கிவந்து, நாய் எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவுக்கு ஒரு மூலையை அடைத்தோம். சிமெண்டுத் தரை வழுக்கும் என்பதால் சாக்கை இரட்டையாக விரித்து ஓரங்களில் செங்கல் வைத்திருக்கிறேன். எங்கள் கிழவன் நாய் வாசலில் படுத்துக்கொண்டு முகர்ந்து பார்க்கிறான், உள்ளே விடவில்லை.

செவலை என்றே கூப்பிடுகிறோம். யாரையும் கடிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறது.

கால்நடைப்பணி எழுதியது:

கிழவனை உள்ளே விடாதது நல்லது. புது நாயிடமிருந்து இரண்டு வாரமாவது விலக்கி வையுங்கள். தட்டும் தண்ணீர்ச் சட்டியும் தனித்தனி. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய்த் தொற்றுநோய்களின் கிருமி உள்ளே இருந்தால் அதற்குள் வெளிப்படும். கிழவனின் தடுப்பூசி காலாவதியாகியிருந்தால் இப்போதே போடுங்கள்.

டாக்சிசைக்ளினை வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டாம். உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள். பால், தயிரோடு சேர்க்காதீர்கள், மருந்து சரியாக உடம்பில் சேராது. இரண்டு நாளில் துள்ளினாலும் நிறுத்தக்கூடாது, வழக்கமாக 28 நாள் மருந்து. அறையின் சுவர் விரிசல்களில் உண்ணி ஒளிந்திருக்கும், சுண்ணாம்பு பூசி அடைத்துவிடுங்கள். நாயின் மேல் மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் நம் பக்கம் உண்டு. தோல் வெந்துவிடும், நக்கினால் நஞ்சு. கூடவே கூடாது.

ஊத்தங்கரை_விவசாயி எழுதியது:

சாப்பாடு என்ன கொடுக்கிறீர்கள் அம்மா? நம் ஊரில் கேழ்வரகுக்குப் பஞ்சமில்லை. எங்கள் நாய்களெல்லாம் களி தின்றே வளர்ந்தவை. களியை மெல்லிசாகக் கரைத்து, வேகவைத்த முட்டை ஒன்று பிசைந்து கொடுத்துப் பாருங்கள்.

கால்நடைப்பணி எழுதியது:

அண்ணா, நல்ல யோசனை. ஆனால் களி மட்டும் போதாது. புண் ஆறவும் தசை வளரவும் புரதம் வேண்டும். முட்டை, எலும்பு நீக்கிய கோழி, வாரம் ஓரிரு முறை கொஞ்சம் ஈரல். வெங்காயம், பூண்டு, உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்தது. வெந்த எலும்பைக் கொடுக்க வேண்டாம், உடைந்து குடலைக் குத்தும். கால்சியம் மாத்திரையைத் தாங்களாக வாங்கிக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். வளரும் நாய்க்கு அதிகக் கால்சியம் கெடுதல்தான் செய்யும். படுத்தே இருக்கும் நாய் சீக்கிரம் எடை போடும், எடை கூடினால் அந்தக் காலுக்குப் பாரம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தக்கூடாது.

மாந்தோப்புவீடு எழுதியது:

அறுவை முடிந்தது. தட்டணு ஏறிய பிறகுதான் செய்தார்கள். பிளேட் வைத்திருக்கிறார்கள். இன்று மாலை வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது இரவு பதினொன்று தாண்டிவிட்டது, விடாமல் முனகுகிறாள். கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. வலியா? மாத்திரை கொடுத்தாகிவிட்டது. யாராவது விழித்திருக்கிறீர்களா?

மத்திகிரி எழுதியது:

விழித்திருக்கிறேன் அம்மா. மயக்க மருந்தும் வலிமருந்தும் இறங்கும்போது பல நாய்கள் இப்படித்தான். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முனகும். விளக்கைக் குறையுங்கள், போர்வை போட்டு உடம்பைச் சூடாக வையுங்கள். அருகில் உட்கார்ந்து கழுத்துப் பக்கம் மட்டும் கையை வையுங்கள், முகத்துக்கு நேராகக் குனிய வேண்டாம். ஈறு என்ன நிறம்? மூச்சு எப்படி? தையலில் இரத்தம் கசிகிறதா?

மாந்தோப்புவீடு எழுதியது:

ஈறு இளஞ்சிவப்பு. மூச்சு சீராக இருக்கிறது. தையல் காய்ந்திருக்கிறது. மாமியார் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் போய்த் தூங்கச் சொல்கிறார்.

மத்திகிரி எழுதியது:

அப்படியானால் பொழுது விடியட்டும். ஈறு வெளுத்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே அறுவை செய்த இடத்துக்கு அழையுங்கள், விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

கால்நடைப்பணி எழுதியது:

இப்போதுதான் பார்த்தேன். மத்திகிரி அம்மா சரியாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னும் ஓரிரு நாளில் கணுக்கால் பக்கம் வீங்கும். முறிவு மேலே, வீக்கம் கீழே என்று பயந்துவிடாதீர்கள், நீர் கீழே இறங்குவதுதான். முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், ஒரு நேரத்துக்கு பத்து நிமிடம். மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் வேறு: ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் இல்லை, தையலிலிருந்து சீழும் நாற்றமும், மலம் தார் மாதிரிக் கருப்பு, தொடர்ந்து வாந்தி. கருப்பு மலமும் வாந்தியும் வலிமருந்து வயிற்றைப் புண்ணாக்குவதற்கு அடையாளம். அப்போது அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு அழைக்க வேண்டும்.

கழுத்துக் கூம்பைக் கழற்றாதீர்கள். சாப்பிடும்போது மட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும். பாவம் என்று கழற்றிவிட்டால் ஒரு இரவு போதும், தையலைப் பிரித்து வைத்துவிடும். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும்.

மாந்தோப்புவீடு எழுதியது:

தையல் பிரித்தாயிற்று. புண் நன்றாக ஆறியிருக்கிறது என்றார்கள். இப்போதுதான் உண்மையான சிரமம் தொடங்கியிருக்கிறது. வலி குறைந்துவிட்டது, அவளுக்கு உற்சாகம். என்னைக் கண்டால் வலைக்குள்ளேயே முன்னங்காலைத் தூக்கி நிற்கப் பார்க்கிறாள். மாங்காய் அறுவடை வேறு நடக்கிறது. கூழ் ஆலைக்குப் போகும் தோத்தாபுரி. ஆட்களும் வண்டியும் வந்துபோவதால் கேட் பகலெல்லாம் திறந்தே கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும், "இவ்வளவு நல்ல நாயை ஏன் அடைத்து வைத்திருக்கிறாய், அவிழ்த்துவிடு, நடந்தால்தானே கால் பழகும்" என்கிறார்கள். பதில் சொல்லி அலுத்துவிட்டது.

நடக்கவே விடவில்லை என்றால் கால் மரத்துவிடாதா என்று எனக்கும் ஒரு பயம் இருக்கிறது.

கால்நடைப்பணி எழுதியது:

உங்கள் பயத்தில் பொருள் இருக்கிறது. இளம் நாய்க்குத் தொடையெலும்பு முறிந்து, அறுவைக்குப் பின் காலை மடக்காமல் தூக்கியே வைத்திருந்தால், முன்தொடைத் தசை எலும்போடு ஒட்டி முழங்கால் விறைத்துப்போகும். அப்படி விறைத்த காலை மீட்பது மிகக் கடினம். அதனால் இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டும். ஓட்டம், தாவல், விளையாட்டு கூடாது. மூட்டு மட்டும் தினமும் அசைய வேண்டும்.

அறுவை மருத்துவர் அனுமதித்த பிறகு, செவலையை நல்ல கால் தரையில் படும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஒரு கை முழங்காலுக்கு மேலே தாங்கட்டும், மற்ற கை கணுக்காலைப் பிடிக்கட்டும். மெதுவாக மடக்கி, மெதுவாக நீட்டுங்கள். பத்துப் பதினைந்து முறை, நாளுக்கு மூன்று வேளை. திரும்பிப் பார்த்தாலோ உதட்டை நக்கினாலோ அதோடு நிறுத்துங்கள், அந்த அளவுதான் இன்றைக்கு. அதற்கு முன் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்தால் தசை இளகும். சிறுநீருக்கு வெளியே அழைத்துப் போகும்போது கழுத்தில் கயிறு, வயிற்றுக்கடியில் துணித் தாங்கல், மெதுவான நடை. வேகமாகப் போனால் நாய் மூன்று காலில் தாவும். மெதுவாகப் போனால்தான் நான்காவது காலை ஊன்றும்.

மத்திகிரி எழுதியது:

அறுவடை ஆட்களுக்கு நீங்கள் ஒவ்வொருவராகப் பதில் சொல்ல வேண்டாம். எக்ஸ்ரே படத்தின் நகலை வலையில் மாட்டிவிடுங்கள். ஒடிந்த எலும்பைப் படத்தில் பார்த்தவர்கள் அவிழ்த்துவிடச் சொன்னதில்லை, என் வீட்டில் அப்படித்தான் செய்தேன். பகலில் வலைக்கதவுக்குப் பூட்டும் போடுங்கள்.

உற்சாகத்தை மூக்கு வழியாகச் செலவழிக்க வையுங்கள். பழைய துணியை முடிச்சுப் போட்டு உள்ளே முட்டைத் துணுக்கை ஒளித்துக் கொடுங்கள். தேடி எடுப்பதற்குள் களைத்துத் தூங்கிவிடும். கருத்தடை ஆகவில்லை என்பதால் பருவம் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் மூன்று வாரம் போல ஊர் ஆண் நாய்கள் எல்லாம் உங்கள் வேலியில்தான் நிற்கும்.

மாந்தோப்புவீடு எழுதியது:

எக்ஸ்ரே வைத்தியம் பலித்தது அக்கா. மாங்காய் ஏற்ற வந்த பெரியவர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, மற்றவர்களை அவரே அதட்டி விலக்குகிறார்.

தாங்கலுக்கு மாமியார் தன் பழைய நூல் சேலையை நான்காக மடித்துத் தந்தார். அகலமாக இருப்பதால் வயிற்றை உறுத்தவில்லை. இன்று காலை தோப்பு வரப்பில் கூட்டிப்போனேன். இரவு மழை பெய்திருந்தது, மண் ஈரம். எப்போதும் போலக் காலைத் தூக்கிக்கொண்டே வந்தாள். ஒரு மரத்தடியில் நின்று முகர்ந்தபோது அந்தக் கால் தானாக இறங்கியது. முதலில் இரண்டு நகம், பிறகு விரல்கள் விரிந்து, பாதத்தின் நடுத்திண்டு மண்ணில் அழுந்தியது. ஒரு நொடி எடை முழுவதும் அதன்மேல் வந்தது, சேலை என் கையில் தளர்ந்தது. உடனே தூக்கிவிட்டாள். ஆனால் ஈர மண்ணில் நான்கு தடம் இருந்தது. படம் எடுத்துத் தம்பிகளுக்கு அனுப்பினேன்.

தொப்பூர்க்கணவாய் எழுதியது:

படிக்கும்போதே நெஞ்சு நிறைந்துவிட்டது அக்கா.

பர்கூர்ச்சாலை எழுதியது:

நான் முன்பு எழுதியதிலிருந்து மாறவில்லை, கருத்தடைதான் முதல் வேலை. எங்கள் ஊராட்சியில் மனு கொடுத்துவிட்டேன். மத்திகிரி அம்மா கையெழுத்துப் போடுகிறேன் என்றார், இரண்டாவது மனுவில் கேட்பேன். ஈர மண் தடத்தின் படத்தை இங்கேயும் போடுங்கள் அம்மா, பார்க்க ஆசை.

மாந்தோப்புவீடு எழுதியது:

எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் புது எலும்பு நன்றாகப் படிந்திருக்கிறது. பிளேட்டை எடுக்கத் தேவையில்லை, தொந்தரவு கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொன்னார்கள். எலும்பு கூடியது உறுதியான பிறகு கருத்தடையும் முடிந்துவிட்டது.

இப்போது வேறு கவலை. தத்து கேட்டு இருவர் அழைத்தார்கள். ஒருவர் ராயக்கோட்டைப் பக்கம் பண்ணை வைத்திருப்பவர். காவலுக்கு வேண்டுமாம், பகலில் சங்கிலி, இரவில் அவிழ்ப்பாராம். இன்னொருவர் ஓசூரில் மாடி வீடு, லிப்ட் இல்லை. நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள். எனக்கு இரண்டுக்கும் மனம் வரவில்லை. நானே வைத்துக்கொண்டால் என்ன என்று மாமியார் கேட்கிறார், அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்றவர்!

மத்திகிரி எழுதியது:

வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் இன்றைய பாசத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த அறையில் இனி வேறு நாய் தங்காது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நெடுஞ்சாலையோரம் அறுவை முடிந்த நாயை வைத்துக்கொள்ள ஆள் கிடைப்பது எவ்வளவு அரிது என்று உங்களுக்கே தெரியும். நான் முதல் நாயை அனுப்பியபோது அழுதேன். அடுத்த நாய் வந்தபோது இடம் இருந்தது.

சங்கிலிக்கு மறுத்துவிடுங்கள். பகலெல்லாம் கட்டிக் கிடந்து இரவில் பாய்ந்து ஓடும் வாழ்க்கை அந்தக் காலுக்கு ஆகாது. தினமும் மாடிப்படியும் இப்போதைக்கு வேண்டாம். முகத்துக்காகச் சம்மதித்துவிடாதீர்கள்.

பாலக்கோடு_ஆசிரியை எழுதியது:

இந்த இழையை முதல் நாளிலிருந்து படித்து வருகிறேன். எங்கள் வீடு தரைத்தளம், சுற்றுச்சுவர் உண்டு, சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கணவரும் நானும் மட்டும். மாலை நான்கரைக்கு மேல் இருவரும் வீட்டில்தான். எங்கள் பழைய நாய் முதுமையில் போய் ஒரு வருடமாகிறது. செவலையை எங்களுக்குத் தருவீர்களா? உடனே வேண்டாம், இரண்டு மூன்று ஞாயிறு வந்து பார்க்கிறோம். அவளுக்குப் பிடித்தால் அழைத்துப் போகிறோம். வீட்டைப் பார்க்கத் தம்பிகள் வரட்டும். எழுதித் தர வேண்டியதை எழுதித் தருகிறோம். என்றைக்காவது எங்களால் முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித் தருவோம் என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

மாந்தோப்புவீடு எழுதியது:

டீச்சர், வாருங்கள். தம்பிகளிடம் பேசிவிட்டேன், அவர்களுக்கும் சம்மதம். அடுத்த ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன் வந்தால் தோப்பில் நடத்திக் காட்டுகிறேன்.

தெரிந்துகொள்ள வேண்டியதை இப்போதே எழுதிவிடுகிறேன். எக்ஸ்ரே படங்கள், தடுப்பூசி அட்டை, கருத்தடைச் சீட்டு, அறுவைக் குறிப்பு எல்லாம் ஒரே உறையில் இருக்கின்றன. உண்ணி மருந்து மாதாமாதம் தேதி தவறாமல் போட வேண்டும், உண்ணிக் காய்ச்சல் திரும்ப வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காய்ச்சலோ மூக்கில் இரத்தமோ கண்டால் உடனே இரத்தப் பரிசோதனை. குளிர்காலக் காலையில் எழும்போது அந்தக் காலைக் கொஞ்சம் இழுப்பாள், நாலு அடி நடந்தால் சரியாகும். வழவழப்பான டைல்ஸ் இருந்தால் அவள் நடக்கும் வழியில் மட்டும் தேங்காய்நார்ப் பாய் போடுங்கள். களியில் முட்டை இல்லையென்றால் தட்டைக் கவிழ்த்துவிடுவாள். லாரி ஹாரன் கேட்டால் நடுங்கிக் கட்டிலுக்கடியில் போய்விடுவாள், இழுத்து வெளியே எடுக்க வேண்டாம், பெயரைச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்காருங்கள், தானே வருவாள்.

தம்பிகள் நேற்று மறுபடியும் அழைத்தார்கள். குருபரப்பள்ளிக்கு அருகே ஒரு ஆண் நாய், இடுப்பில் அடி, அறுவை வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை. அறையைக் கழுவிச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருக்கிறோம். டாக்டர் ஐயா, இடுப்பு முறிந்த நாயைக் காரில் எப்படிப் படுக்க வைத்துக் கொண்டுவர வேண்டும்?

கால்நடைப்பணி எழுதியது:

பலகை மேல் வைத்துத்தான் தூக்க வேண்டும், கையில் ஏந்த வேண்டாம். போர்வையைப் பக்கத்தில் விரித்து, இருவராக மெல்ல அதன்மேல் நகர்த்தி, போர்வையோடு பலகைக்கு மாற்றுங்கள். வாயைத் துணிப்பட்டையால் கட்டலாம், ஆனால் வாந்தி எடுத்தாலோ மூச்சுத் திணறினாலோ கட்டக்கூடாது. வண்டி மெதுவாகப் போகட்டும். கிளம்பும் முன் பின்னங்கால் விரலைக் கிள்ளிப் பார்த்து, வலித்துத் திரும்பிப் பார்க்கிறதா, வால் அசைகிறதா, சிறுநீர் போயிற்றா என்று தம்பிகளிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். இடுப்பு முறிவில் பல நாய்களுக்கு அறுவையே தேவைப்படாது, ஓய்விலேயே கூடிவிடும். அந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் அடுத்து என்ன என்று சொல்கிறேன்.